புள்ளி நீங்கியவர்கள்

சென்ற ஆவணியில் முக்கூடல் ஆற்றங்கரை மயானத்தில், கொள்ளி வைப்பதற்குச் சற்றுமுன் பாலாம்பாள் எழுந்து உட்கார்ந்தார். மாதம் முடிவதற்குள் மேலும் ஆறு பேர் எழுந்தார்கள். முதல் இரண்டு பேர் எழுந்ததை டாக்டரின் தவறு என்றார்கள்; பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்கள். எழுந்தவர்கள் உண்ணவில்லை, உறங்கவில்லை. ஆற்றில் இறங்கினாலும் துணி நனையவில்லை. பேசி முடித்த பிறகும் வாய் மூடாமல், உள்ளிருந்து 'அ' என்று மெல்லிய ஒலி ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஏழாமவர் சிவசங்கரன், ஓய்வுபெற்ற தாசில்தார். அந்த மாதம்தான் மயானத்துக்குப் பதிவு மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்த சண்முகசுந்தரிக்கு அவர் அப்பா. அவளுக்கு வேறு யாருமில்லை.

மயானத்தை நடத்திவந்த குற்றாலலிங்கம் அண்ணாச்சிதான் முதலில் கவனித்தார். "எந்திரிச்சவங்க பேரு பூரா புள்ளியில முடியுதும்மா. மயானச் சீட்டுல அந்தப் புள்ளியக் காணும். என்னன்னு பாரு."

சீட்டுகளைப் பிரித்து அடுக்க, பெயரின் கடைசி எழுத்தை உருவித் தனியே அச்சிடும்படி அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். 'ன்' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு அது இரண்டு: 'ன' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. கடைசியைக் கேட்டதும் அது புள்ளியை மட்டும் உருவிக் கொடுத்தது. புள்ளி போன மெய்யில் உயிர் ஏறும் என்பது அவள் மூன்றாம் வகுப்பில் படித்ததுதான்.

ஒரு மத்தியானத்தில் அதைச் சரிசெய்தாள். அதன்பின் இறந்தவர்கள் எழவில்லை. எழுந்தவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவள் மேசையருகே தயங்கி நின்றார்கள். அவள் கணினிப் பதிவேட்டில் புள்ளியைத் திரும்ப வைத்த நிமிஷம், பாலாம்பாள் தாமே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். ஐப்பசிக்குள் ஆறு பேரும் போய்விட்டார்கள்.

"ஏட்டி, எல்லா ஃபைலும் முடிஞ்சிட்டு. என்னுது மட்டும் கெடக்கே," என்றார் சிவசங்கரன்.

"நாளைக்கு வைக்கேன்ப்பா."

"உள்ள குளிருதும்மா. மூச்சு வெளிய போகமாட்டேங்கு."

அவர் பெயருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோவாள். முதுகுக்குப் பின்னால் அந்த 'அ' கேட்டுக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கணினியை மூடிவிடுவாள். "பாவம்லா, அவரப் போவ விட்டுரும்மா," என்று அண்ணாச்சி ஒருமுறை சொன்னார். அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார், மறுபடி சொல்லவில்லை. பங்குனியில் அப்பாவும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஊர் பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் உறையில் 'சிவசங்கரன அவர்களுக்கு' என்றுதான் எழுதுகிறார்கள். வைகாசியில் களக்காட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் புள்ளி வைத்திருந்தார். சண்முகசுந்தரி அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பத்திரிகையை அப்பா கையில் கொடுத்தாள்.