பச்சை வீராவின் பழைய எண்

என் காரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரித்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஈப்போ புந்தோங்கில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப்பேர் சிரித்தாயிற்று. கிறிஸ்மஸுக்குத் தெலுக் இந்தானிலிருந்து வரும் என் மனைவியின் தம்பி திமோத்தி ஆண்டு தவறாமல் சிரிப்பான். கரும்பச்சை புரோட்டான் வீரா, மலேசியாவிலேயே செய்த தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி. ஒரு காலத்தில் பேராக் மாநிலத்தில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் இது ஒன்று நிற்கும். தோட்டத்துக் கிராணி வைத்திருந்தார், வாத்தியார் வைத்திருந்தார், மீன் விற்றவரும் வைத்திருந்தார். திமோத்தியின் வாதமே அதுதான். ஊரெல்லாம் வைத்திருந்த காரை எவன் சேர்த்து வைப்பான்? ஜாகுவார் என்றால் சரி, பென்ஸ் என்றால் சரி, இதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளுங்கள் மச்சான் என்பான்.

அவனுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அடேய், ஊரெல்லாம் வைத்திருந்ததால்தான் ஊரெல்லாம் தூக்கிப் போட்டது. பென்ஸை எவனும் தூக்கிப் போடவில்லை, துணி போட்டு மூடி வைத்தான். நல்ல நிலையில் ஒரு வீராவைக் காட்டு பார்ப்போம். ரேஸ் பைத்தியங்கள் கொஞ்சத்தை வாங்கிப் பின்னால் இறக்கை மாட்டி, அடிவயிறு தரையில் உரச ஓட்டினார்கள். மிச்சமிருந்தவை தோட்டங்களில் செம்பனைக் குலை சுமந்தே செத்துப்போயின. என் வண்டியில் நான் ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை. சாயம் அதே, சீட்டு அதே, ரேடியோவும் அதே. பீடோர் பக்கம் எண்ணெய் ஆலையில் எடைமேடை பார்த்தவன் நான். எதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம்தான் என் காலம் வந்தது. பழைய கார்ச் சங்கத்தின் செயலாளர் லியோங், ஈப்போ பாடாங் திடலில் வருஷா வருஷம் கண்காட்சி நடத்துகிறவர், தொண்ணூறுகளின் வீட்டுக் கார்களுக்கென்று தனி வரிசை வைக்கப் போவதாகச் சொன்னார். முதலில் வாங்கியவரிடமே வண்டி இருக்க வேண்டும், எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். என் மகள் பமேலா புதுக் கார் வாங்கியிருந்தாள். எங்கள் வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அதனால் அவளிடம் நானே வாக்குக் கொடுத்தேன். லியோங் வேண்டாம் என்றால் வீராவை இரும்புக்காரன் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். பமேலா தன் புதுக் காருக்கு ரிப்பன் கட்டி வாசலுக்கு வெளியே தெருவில் கொண்டுவந்து நிறுத்தினாள். கிட்டப்போய்ப் பார்த்தால் அதில் AEC 4729. என் வீராவின் எண். வீராவைத் திரும்பிப் பார்த்தேன். அதில் நேற்றுப் பிறந்த ஏதோ ஓர் எண் மாட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவின் பழைய எண்ணைப் பிள்ளையின் புதுக் காருக்கு மாற்றிக்கொள்வார்கள். அதிலும் இந்த எண், வீரா வாங்கிய மாதமே நாலு நம்பர் லாட்டரியில் பரிசு விழுந்து, அப்போது நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயமே கோழி அடித்துக் கொண்டாடிய எண். கார் போனாலும் அப்பாவின் எண் போகக்கூடாது என்று என் மகள் நினைத்திருக்கிறாள். ஆனால் என்னைக் கேட்காமல் எப்படி மாற்ற முடிந்தது? போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் என் மனைவி அகதா கைரேகை வைத்திருக்கிறாள். வீரா வாங்கியபோது அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கார்க் கடன் அவள் பெயரில்தான் கிடைத்தது, வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்ட்டும் அவள் பெயரில்தான். அது எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம், ஏனென்றால் எல்லோருக்கும் வீரா என் கார்தான்.

நான் கத்தினேன். கேக் வெட்டவில்லை. பமேலா அழுதாள். நல்லது செய்யப் போய் இப்படித் திட்டு வாங்குகிறோமே என்று அவளுக்கு.

மறுநாள் காலை லியோங் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், கதவுகளை மூடித் திறந்து சத்தம் கேட்டார், சீட்டுத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றைப் பார்த்துப் பல வருஷமாகிறது என்று மலாயில் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிறகு பின்னால் போய் எண்ணைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. முதல் எண் இல்லாவிட்டால் இது வெறும் பழைய கார்தான் என்றார். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதல் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

கதவருகே நின்ற அகதா எங்கள் பக்கம் வந்தாள். "கிராண்ட்டுல என் பேரு இருக்கு. வாங்குன நாள்லேருந்து."

"அது சும்மா பேருக்குத்தானே அகதா."

"மாசா மாசம் என் சம்பளத்துல பிடிச்சாங்க. அது சும்மா இல்லலா," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

லியோங் அதன்பிறகு என் பக்கம் திரும்பவில்லை. மாதம் முடிவதற்குள் பழைய எண்ணோடு வந்தால் வரிசையில் இடம் உண்டு புவான் என்று அவளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கெஞ்ச வேண்டிய இடத்தில் நின்றேன், எனக்கோ கெஞ்சிப் பழக்கமில்லை. எண் திரும்பாவிட்டால் இரும்புக்காரன் வருவான், வாக்குக் கொடுத்தது நானேதான். அன்று சாயங்காலம் பமேலாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க நம்பர் ரோட்டுல ஓடிக்கிட்டே இருக்கணும்னு நெனச்சேன்பா. வேற ஒன்னும் இல்ல," என்றாள். அவள் மேல் என்ன தப்பு?

அகதா முடிவு சொன்னாள். திங்கட்கிழமை ஜேபிஜே போகலாம், எண் வீராவுக்கே திரும்பட்டும், புதுக் கார் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கட்டும், கேட்டுவிட்டேன் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா பாடாங்குக்கு நான்தான் ஓட்டுவேன்."

லைசென்ஸ் அவளுக்கும் உண்டு. வீராவை மட்டும் நான் அவள் கையில் கொடுத்ததே இல்லை. கிளட்ச் போய்விடும் என்பேன். அன்றைக்குச் சாவியை நீட்டினேன்.

கண்காட்சி நாளன்று முதல்முறையாக இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தேன். அகதா அலுங்காமல் ஓட்டினாள், கிளட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடாங்கில் ஒரு பென்ஸுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் லியோங் எங்கள் எண்ணைச் சொல்லி, முதல் சொந்தக்காரர் புவான் அகதா என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. தெலுக் இந்தானிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்திருந்த திமோத்தி, இந்தத் தடவை சிரிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். எங்க வீட்டிலும் ஒன்று இருந்ததே, விற்றுத் தொலைத்தோமே என்று நாலைந்து பேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் புலம்பினார்கள். நான் சொன்னேனா இல்லையா? சொன்னது சொன்னபடி நடந்தது.

ஆனால் புந்தோங்கிலிருந்து வருகிற வழியெல்லாம் சீட்டுக்குள்ளிருந்து ஒரு கம்பி என் இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது. பஞ்சு செத்து, கம்பி மேலே வந்துவிட்டது. இறங்குவதற்கு முன் அவளிடம் கேட்டேன்.

"இது எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"பமி ஆறாவது படிச்சப்போலேருந்து."

"சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்லா."

"சொன்னேன். ஒரிஜினல்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள், அவளோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் காத்திருந்தார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படி நகர்ந்தேன், அப்படி நகர்ந்தேன். எப்படி உட்கார்ந்தாலும் குத்தியது.