கதவைச் சாத்தும்வரை

கூடைப்பந்து ஆட்டத்தில் உள்ளூர்ப் பள்ளி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி மணி அலறியபோது பந்து காற்றில் இருந்தது. அது வளையத்துக்குள் விழுந்ததும் நடுவர் டெல்மர் இரண்டு கைகளையும் உயர்த்தினான்: மூன்று புள்ளி. இண்டியானாவின் அந்தச் சின்ன ஊரே களத்துக்குள் பாய்ந்தது. நடுவர்கள் வழக்கம்போலத் தலைதெறிக்க ஓடினார்கள். யார் ஜெயித்தாலும் சரி, கடைசி மணிக்குப் பிறகு நடுவர் அங்கே நிற்கக் கூடாது.

நடுவர்கள் அறைக்குள் இன்னொரு நடுவர் லைலுக்கு மூச்சிரைத்தது. "யோவ், எறிஞ்ச பையனோட கால் மூணு புள்ளிக் கோட்டு மேல இருந்துது. ரெண்டு புள்ளிதான். ஆட்டம் சமன், இன்னும் ஆடணும்."

"அங்கேயே ஊதித் தொலைக்க வேண்டியதுதானே? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றான் டெல்மர்.

"நீதான் ஓடிட்டியே! இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆரின் இன்னும் உள்ள வரல."

சட்டம் அதுதான். மூன்று நடுவர்களில் கடைசி ஆள் களத்தின் பார்வையிலிருந்து மறையும்வரை புள்ளியைத் திருத்தலாம். மூன்றாமவன் ஆரின் வாசலிலேயே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்கு அப்பால் வெளியூர்ப் பையன்கள் தரையில் குப்புறக் கிடந்தார்கள். அவர்களைச் சுற்றி ஊர் கூத்தாடியது. போன வருஷம் ஒரு தீர்ப்புக்காக இதே ஊர்க்காரர்கள் டெல்மரின் கார்க் கண்ணாடியை நொறுக்கினார்கள். அது சரியான தீர்ப்பு.

ஆரின் நிமிர்ந்தான். "என்னப்பா, ஏதாச்சும் பிரச்சினையா?"

டெல்மர் லைலைப் பார்த்தான். லைல் தலைகுனிந்துகொண்டான்.

"ஒண்ணுமில்ல, உள்ள வா" என்று ஆரினின் சட்டையைப் பிடித்து இழுத்து, டெல்மர் கதவைச் சாத்தினான்.