அக்காவுக்காகக் காத்திருப்பவள்

முதலில் சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறைதான். அக்காவும் அவள் சிநேகிதிகள் இருவரும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது நாலு தெருவில் நாலு மையம். தொண்டு செய்ய இளவட்டங்களின் பட்டாளமே வருகிறது. வளர்ச்சிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அக்காவுக்குத்தான் முதுகு ஒடிந்தது. பகலெல்லாம் மருந்துக்கடையில் கால்கடுக்க நிற்பாள். மாலையில் எங்கே ஆள் வரவில்லை, எந்தச் சாவி யாரிடம் என்று போனோடு மல்லுக்கட்டுவாள். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தந்தது அவளுக்கே மறந்துபோனது.

கூடப்பிறந்தவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் சொல்லித்தரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்துவிடுமாம். அதனால் தங்கையைச் சிநேகிதி ஒருத்தியிடம் விட்டிருந்தாள். அந்தச் சிநேகிதி புது மையத்துக்கு மாறினாள். தங்கை மட்டும் பழைய மாடி அறைக்கே போய்வந்தாள்.

அன்று தங்கையின் பள்ளிக்கூட டீச்சர் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க. உங்க தங்கச்சிக்குப் பின்னம்னா என்னன்னே தெரியலையேம்மா. இப்படியே போனா அடுத்த வருஷமும் இதே வகுப்புலதான் உக்காரணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. கடை முடிந்ததும் நேரே மாடி ஏறினாள். அந்த மையத்தைப் பார்த்துக்கொள்ளும் நெட்டையனைப் பிடித்தாள்.

"தங்கச்சிக்கு யாருடா கணக்கு சொல்லித் தர்றது?"

நெட்டையன் திருதிருவென்று விழித்தான். "அவளுக்கா? நீங்க வீட்டுல சொல்லித் தர்றீங்கன்னுல்ல நெனச்சோம்! நீங்க பூட்டுப் போட வந்ததும் கூடப் போறதுக்குத்தான் உக்காந்திருக்கான்னு... தெனமும் பிஸ்கட் மட்டும் குடுத்துடுவோம்க்கா."

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சுவரோரம் தங்கை கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்தபடி இருந்தாள். எதிரே, தொண்டுக்கு வந்த, பேன்ட் மடித்துவிட்ட பையன் ஒருவன் யாரோ ஒரு வாண்டுக்குப் பொறுமையாக வகுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அக்கா தங்கையிடம் குனிந்தாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லத்தான் வருவேன். நீ போன்ல இருப்பே. அப்புறம் சோறும் கையுமாத் தூங்கிடுவே."

போன் அடித்தது. எடுத்து நெட்டையனிடம் நீட்டினாள். "எது வந்தாலும் நீயே பேசு. எனக்குச் சொல்லித்தர ஒரு பிள்ளை இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டு, நாலாகப் பிரித்தாள். கண் சொக்கியது, கன்னத்தில் தட்டிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். கடைசியில் தங்கையே ஒரு கணக்கைச் சரியாகப் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நாளைக்கும் நீ வருவியா?"

நாளைக்குப் புது மையம் திறக்கிறது, ஐந்தாவது. வருவேன் என்று சொல்ல வாய் திறந்தவள், நெட்டையன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

தங்கை புத்தகத்தை மூடினாள். "யாரா இருந்தாலும் பரவாயில்லக்கா. ஆனா ஒரு ஆள் வேணும்."