அரைப் பேர்

ராகலைப் பக்கத்துத் தோட்டம் அது. மலைச்சரிவில் ஆண்கள் நிரையாக நின்று கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக் கிளையை ஒரே வீச்சில், சாய்வாக வெட்ட வேண்டும். கிளை பிளந்தால் செடி பட்டுப்போகும்.

ஆண்டியப்பன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது யாருடைய கையோ போல நடுங்கியது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று கசிப்புச் சாராயத்தை விட்டவன் அவன். எல்லோரும் காப்பை அவிழ்த்து வாரங்கள் போய்விட்டன. அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. தூக்கம் வருவதில்லை. தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போட்டாலும் போதவில்லை. குடித்த காலத்தில் ஆடாத கை விட்ட பிறகு ஏன் ஆடுகிறது? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"நரம்பு பழகினதை மறக்கக் கொஞ்சக் காலம் செல்லும். பொறுத்திரு" என்று தோட்டத்து மருந்துக்காரர் சிவபாதம் சொல்லியிருந்தார். அவன் பொறுத்தான். வேலை பொறுக்க வேண்டுமே.

கத்தியை ஓங்கினான். கிளை பிளந்தது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்கய்யா. விட்டுட்டேங்க."

"வாய ஊது."

ஊதினான். கணக்கப்பிள்ளை குனிந்து மோந்து பார்த்தார். அவருக்கே அதிசயமாக இருந்தது.

"வாடையும் இல்ல, கையும் நிக்கல. என்னடா இது?"

"ஒரு முடக்கு உள்ள போனா நின்னுருங்க" என்றான் அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த மூக்கன். நிரையே சிரித்தது. அது உண்மை என்று ஆண்டியப்பனுக்குத் தெரியும். அதனாலேயே பயமாக இருந்தது.

"செடி கெட்டா தொரை என்னையத்தான் கேப்பாரு. கத்திய வச்சிட்டுப் புல்லு வெட்டப் போ. இன்னைக்கு அரைப் பேருதான்."

அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி.

"கொஞ்ச நாள்ல சரியாயிருங்கய்யா. மருந்துக்காரய்யா சொன்னாருங்க."

"சரியானப்புறம் வா."

கீழே பெண்களோடு புல் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி வீரம்மா நிமிர்ந்தாள்.

"கத்தி எங்க?"

"வாங்கிட்டாரு."

அவள் தன் சுரண்டியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கையால் புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"காப்ப மட்டும் அவுத்துறாதீங்க" என்றாள்.

மாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போட்டார்கள். ஆண்டியப்பனுக்கு அரைப் பேர். அடுத்து மூக்கன் வந்து நின்றான். அவன் வெட்டிய செடிகள் எல்லாம் ஒரே மட்டமாக இருந்தன. கணக்கப்பிள்ளை கசிப்பு வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முழுப் பேர்" என்றார்.