வாயில் குண்டூசி இருக்கும்போது

எங்கள் தையல் கடையில் நான் வெட்டுவேன், என் மனைவி தைப்பாள். பேச்சில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும். துணியை மடித்துக் குத்தும்போது மட்டும் ஏழெட்டு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்தப் பத்து நிமிடம்தான் என் ராஜ்யம். அவள் அண்ணனில் தொடங்கி அவள் குறட்டை வரை வம்புக்கு இழுப்பேன். முறைப்பாள். ஊசி தீர்ந்ததும் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். இருபது வருடமாக இப்படித்தான்.

அன்று ஒரு நீளமான கவுனுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் பேன்ட் தைக்கக் குடுத்தாரு. இடுப்ப அளக்கப் போனேன். பாதி சுத்துனதும் ஒரு டீ குடிச்சிட்டு வந்துதான் மீதிய அளந்தேன்."

சிரித்துவிட்டாள். சிரித்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே.

"ரொட்டிய மெல்லாம முழுங்கு. எறங்கிடும்."

என்னை நம்பினாள். கண்ணீர் வழிய நாலு துண்டு விழுங்கினாள்.

"இன்னும் குத்துதுங்க."

"கீறலா இருக்கும். சரியாயிடும்."

மறுநாள் மாலைக்குள் கழுத்து வீங்கி, காய்ச்சல் கொதித்தது. எச்சில்கூட இறங்கவில்லை.

"ஊசி மேலதான் நின்னிருக்கும். அப்பவே வந்திருந்தா சுலபமா எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். "ரொட்டி கீழ தள்ளி, உணவுக்குழாய்ல ஓட்டை போட்டிருக்கு. கழுத்துக்குள்ள சீழ் கட்டிருக்கு."

கழுத்தைத் திறந்து எடுத்தார்கள். உயிர் தங்கியது. குரலுக்கான நரம்பு போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. என்னைத் திட்டக்கூட அவளுக்குக் குரல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடையைத் திறந்தோம். குண்டூசிகளை ஒரு காந்தத்தில் ஒட்டி மேஜையில் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள். நான் வாயே திறக்கவில்லை.

பாதியில் நிமிர்ந்தாள். ஊசிகளைக் கவ்வியிருப்பதுபோல வெறும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பேசச் சொல்கிறாள்.

"உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன்.

அவள் உதட்டைத் திறக்காமல் அப்படியே காத்திருந்தாள்.