மாடி வீடு கேட்கப் போன இருவர்

அன்னலியின் திட்டம் எளிதானது. அவள் மட்டும் போய் வீட்டைப் பார்ப்பாள், பேசுவாள், சாவி வாங்குவாள். அதுவரை தெம்பி ஆட்டோவை விட்டு இறங்கக் கூடாது. சாமான்களோடு குடியேறிவிட்டால் பிறகு கழுத்தைப் பிடித்தா தள்ளப் போகிறார்கள்?

இருவரும் ஜோகன்னஸ்பர்க்காரிகள். அன்னலி வெள்ளை, தெம்பி கறுப்பு. ஒரே கம்பெனி அனுப்பிக் கேரளத்துக் கழக்கூட்டத்துக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள். சொந்த ஊரில் ஒருத்தியின் தெருவில் இன்னொருத்திக்கு எந்த வேலையும் இருந்திருக்காது. இங்கே கம்பெனி விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்து, தேங்காயெண்ணெய்ச் சமையலைச் சேர்ந்து திட்டி, பிறகு தாங்களே சேர்ந்து சமைத்து, சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். அந்த விடுதியை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும்.

முதலில் இருவருமாகத்தான் போனார்கள். தெம்பியின் தலை தெரிந்ததும் ஒரு வீடு அப்போதுதான் யாருக்கோ கொடுத்தாகியிருக்கும். இன்னொரு வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து மகன் திடீரென்று திரும்பி வருவான். கேரளத்து மகன்களுக்கு இவ்வளவு வீட்டுப் பாசம் உண்டென்று தெம்பிக்கு அதுவரை தெரியாது. அப்புறம்தான் அன்னலி இந்தத் திட்டத்தைப் போட்டாள். நல்லெண்ணத்தில்தான் போட்டாள். தெம்பிக்குத் தாங்க முடியாமல் போனதும் அதுதான். கெட்ட எண்ணமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம்.

இன்றைக்குக் குளத்தூர்ப் பக்கம் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரி எலிசாள், வளைகுடாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கீழே தனியாக இருக்கிறாள். சொந்த ஊர் தமிழ் பேசும் எல்லையோரத்துப் பாறசாலை. ஆட்டோக்காரர் ராஜையனும் அந்தப் பக்கத்துக்காரர்தான். இந்த வீட்டைச் சொன்னதே அவர். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தச் சொன்னாள் அன்னலி.

"பத்து நிமிஷம்தான் தெம்பி. கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்."

தெம்பி தள்ளி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் அரைமணி ஆனது. மாடியில் ஜன்னல்கள் திறந்து மூடுவது கேட்டது. பிறகு முன்வராந்தாவில் நாற்காலி போட்டு இருவரும் சாயா குடிக்கும் சத்தமும், அன்னலியின் சிரிப்பும் கேட்டன. எலிசாள் டிரைவரையும் மறக்கவில்லை. ராஜையனைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுத்தாள். அவர் அதை நேராகக் கொண்டுவந்து தெம்பியிடம் நீட்டினார். வண்டியில் நான் மட்டும்தான் என்று நினைத்து ஒரு கிளாஸ்தான் தந்தார்கள், நீங்கள் குடியுங்கள் மேடம் என்றார்.

கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் தெம்பிக்குக் கோபம் வந்தது. அவள் அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தே கிழவியானவள். போன வீட்டிலெல்லாம் அவளுக்கென்று தனியாக ஓர் எனாமல் குவளை இருக்கும். அன்னலியையும் அப்படி ஒருத்திதான் தூக்கி வளர்த்தாள். கிரேஸ், கிரேஸ் என்று அன்னலி கண் கலங்கச் சொல்வாள். கிரேஸின் குடும்பப் பெயர் என்ன என்று தெம்பி ஒருநாள் கேட்டாள். அன்னலிக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெம்பி அதைப் போகட்டும் என்று விட்டாள். இன்றைக்கு விட மனம் வரவில்லை.

சாயாவை ராஜையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அன்னலி எழுந்துவிட்டாள். இது யார் என்று எலிசாள் கேட்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவ. சும்மா என்கூட வந்தா."

சும்மா. ஒரு வருஷம் ஒரே பாத்திரத்தில் சமைத்துத் தின்றவளுக்குக் கிடைத்த பெயர் அது. தெம்பி காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இல்ல. வீடு எங்க ரெண்டு பேருக்கும்தான் கேக்குறோம். என் பேரு தெம்பி. என்னைப் பார்த்தா நீங்க தரமாட்டீங்கன்னு ஆட்டோவுல உக்கார வச்சிருந்தா."

எலிசாளின் முகம் ஒரு சாக்கைத் தேடி அங்குமிங்கும் போனது. தெம்பி அதைத் தேட விடவில்லை.

"வெளிநாட்டுலேருந்து மகன் வரான்னா சொல்லிடுங்க, போயிடறேன். இல்லேன்னா என்கிட்ட என்ன கேக்கணுமோ கேளுங்க."

எலிசாளுக்குச் சுருக்கென்றது. அவள் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அசல் பாறசாலைத் தமிழுக்குச் சட்டை மாட்டிவிட்ட இங்கிலீஷ். "கேக்கத்தான் போறேன் மக்களே. குடி உண்டா? ஆம்பிளையாளு வந்து தங்குறதுண்டா? ராத்திரி பாட்டும் கூத்தும் உண்டா?"

"இதையெல்லாம் இவகிட்டக் கேட்டீங்களா?"

எலிசாள் சாயாக் கிளாஸைப் பார்த்தாள். இல்லை என்றாள்.

"முதல்ல அவகிட்டக் கேளுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

ஒரே நாளில் இரண்டாவது பொய் அன்னலிக்கு வாயில் வரவில்லை. சனிக்கிழமைகளில் கொஞ்சம் ஒயின் உண்டு, கொச்சியிலிருந்து சிநேகிதன் வருவான், வந்தால் இரண்டு நாள் தங்குவான் என்று சொல்லிவிட்டாள். எலிசாளின் புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது. தெம்பியின் முறை வந்தது. குடியில்லை, அந்த ருசி பிடிக்காது. இப்போதைக்கு ஆண்கள் யாரும் வருவதில்லை. பாட்டு மட்டும் உண்டு. மெதடிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் இருந்தவள், சத்தமாகவே பாடுவாள்.

எலிசாள் தெம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு வேணும்னா தாறேன். இந்த மதாம்மைக்குத் தர எனக்குக் கழியாது."

தெம்பிக்குள் சந்தோஷம் ஒரு குதி குதித்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? குடிக்காதவள் என்பதற்காகக் கிடைத்த வீடு, மனுஷி என்பதற்காகக் கிடைத்ததல்ல என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் தலைக்கு மேல் கூரை கூரைதானே. அன்னலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தால் இருவருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று தெம்பி சொல்வாள் என எதிர்பார்த்தாள். சொல்லிவிடுவோமோ என்று தெம்பிக்கே ஒரு கணம் பயமாக இருந்தது. சொல்லவில்லை. வருகிற ஒன்றாம் தேதி வந்துவிடுகிறேன் என்று எலிசாளிடம் கைகொடுத்துவிட்டு இறங்கினாள்.

ஆட்டோ பைபாஸ் ஏறியது.

"எனக்குக் கிடைச்சிருந்தா உன்னையும் கூட வச்சிருப்பேன்" என்றாள் அன்னலி.

"தெரியும். சும்மா வந்தவளா வச்சிருப்ப."

அன்னலி அழுதாள். "ஒரு நிமிஷத்துல என்னை வேண்டாம்னுட்டாங்களே தெம்பி."

"உன்னைக் கேட்டுட்டு வேண்டாம்னாங்க. என்கிட்ட ஒருத்தர் கேட்டதே இன்னைக்குத்தான்."

லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. தெம்பிக்கு அவள் மேல் பாசம் போய்விடவில்லை. போயிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் இனி தள்ளி உட்கார முடியாது. அதை அவள் முடிவு செய்துவிட்டாள்.

"நாளைக்கு உனக்கு வீடு பார்ப்போம்" என்றாள். "நானும் வர்றேன். ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இறங்குறோம்."

"உன்கூட இறங்கினா எனக்குக் கிடைக்காதே" என்றாள் அன்னலி, யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தெம்பி அவளுக்குச் சமாதானமும் சொல்லவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்தபடியே காத்திருந்தாள். கழக்கூட்டம் சந்திப்பு வந்து, சிக்னல் விழுந்து, ராஜையன் எஞ்சினை அணைத்தார்.

"எத்தனை மணிக்குப் போகலாம்?" என்று அன்னலி கேட்டாள்.