நீலவட்டத்தின் ஒரிஜினல்

பழைய வீடியோ கேசட்டில் படம் தொடங்குமுன் ஏதோ ஒரு கம்பெனியின் முத்திரை சுழன்று, மின்னி, குழந்தைகளை அழவைத்துவிட்டுப் போகுமே, அதைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நம் கண்ணாடிக்கடைக்காரரும் அதில் ஒருவர். யாரும் கேள்விப்படாத கம்பெனி என்றால் உயிரை விடுவார். அவருடைய ஒரே தலைவலி, அதே வாட்ஸப் குழுவில் இருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். எதைப் போட்டாலும், “இது எங்கிட்ட எப்பவோ இருக்கு மாப்ளே” என்பார்.

எல்லார் முன்னாலும் மச்சானின் மூக்கை உடைத்தே தீருவதென்று, இல்லாத கம்பெனி ஒன்றை இவரே உண்டாக்கினார். சமையலறைச் சல்லடையைக் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் நீலத்தாள் ஒட்டிய டார்ச்சைப் பிடித்துச் சுழற்றினார். அதைக் கேசட்டில் பதிவுசெய்து, தேயத் தேய ஓட்டிக் கோடு விழவைத்தார். “நீலவட்டம் வீடியோ. யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டு அதைக் குழுவில் போட்டார்.

“தெரியுமாவா? கேசட்டே இருக்கு. ஞாயித்துக்கிழமை போடுறேன்,” என்றார் மச்சான்.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பினார்.

சொன்னபடி ஞாயிறன்று மச்சான் போட்டார். அதே நீலவட்டம், கோடே இல்லாமல், பளிச்சென்று. கடைசியில் வட்டம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று விழுங்கியது. இவருக்கே உடம்பு சிலிர்த்தது.

சமையலறைக்கு ஓடினார். “சல்லடை எங்கடீ?”

“அண்ணன் வாங்கிட்டுப் போச்சு. எங்கம்மா வீட்டுச் சல்லடைங்க அது, பாத்ததும் அண்ணனுக்குத் தெரியாதா?” மனைவி சிரிப்பை அடக்கவே இல்லை. “நாந்தான் போய் டார்ச் புடிச்சேன். நீங்க புடிச்சதுல கை ஆடுது.”

குழு கொண்டாடியது. ஒரிஜினல் கிடைத்துவிட்டதாம், முதலில் வந்தது மட்டமான காப்பியாம். இதுவும் பொய் என்று கத்தலாம்தான். கத்தினால் முதல் பொய்யை யார் சொன்னது என்று கேட்பார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்: “ஆமாம், இதுதான் ஒரிஜினல்.”

மச்சானின் பதில் உடனே வந்தது.

“அப்ப உங்க காப்பிய அழிச்சிடுங்க மாப்ளே. குழுவுக்குன்னு ஒரு தரம் இருக்குல்ல?”

கண்ணாடிக்கடைக்காரர் அழித்தார்.